டர்னரின் கடலும் ரஸ்கினின் அடிக்குறிப்பும்

1843-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு கலைநூல் வெளிவந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; ஆக்ஸ்ஃபோர்டுப் பட்டதாரி ஒருவர் எழுதியது என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. எழுதியவர் ஜான் ரஸ்கின். அப்போது அவருக்கு வயது 24. விமர்சகர்களின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்த ஜே. எம். டபிள்யூ. டர்னர் என்னும் மூத்த ஓவியருக்காக வாதாடத் தொடங்கிய அந்த எழுத்து, 'நவீன ஓவியர்கள்' என்ற பெயரில் 5 தொகுதிகளாக 1860 வரை நீண்டது.

முதல் தொகுதியில், நீரை வரைவது பற்றிய பகுதியில், டர்னர் 1840-இல் காட்சிக்கு வைத்த ஒரு கடலோவியத்தை ரஸ்கின் எடுத்துக்கொள்கிறார். டர்னர் வரைந்த கடல்களுள் இதுவே தலைசிறந்தது, ஆகவே மனிதர் எவரும் வரைந்த கடல்களுள்ளும் இதுவே தலைசிறந்தது என்பது அவர் முடிபு. டர்னரின் அழியாப் புகழை ஒரே ஓவியத்தின்மேல் நிறுத்தச் சொன்னால் இதையே தேர்வேன் என்கிறார். புயல் ஓய்ந்த அந்தி, பெருமூச்செடுப்பது போல் உயரும் அலைகள், அவற்றின் பள்ளங்களில் விழும் செவ்வொளி என்று வருணனை நீள்கிறது. குற்றம் சுமந்த கப்பல் என்கிறார். குருதியின் நிறம் என்கிறார். குற்றம் இன்னதென்று மூலப்பகுதியில் சொல்வதில்லை. அது பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், இரண்டே வாக்கியங்களில் இருக்கிறது: இது அடிமைகளைக் கடலில் எறியும் கப்பல், அருகிலுள்ள நீர்ப்பரப்பெங்கும் பிணங்கள்.

மொழியியலிலிருந்து கலை வரலாற்றுக்குள் எட்டிப் பார்க்கும் என் போன்றோருக்கு அடிக்குறிப்பை முதலில் படிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஓர் உரையில் எது மேலே நிற்கிறது, எது கீழே இறக்கப்படுகிறது என்பதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். டர்னரை 'நவீன ஓவியத்தின் முன்னோடி' என்று நாம் பாடப்புத்தகங்களில் படிக்கும்போது, ரஸ்கினின் மூலப்பகுதிக்கு வாய்த்த வாரிசுகளின் வரலாற்றைத்தான் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிக்குறிப்புக்கும் வாரிசுகள் உண்டு. அவர்கள் வந்து சேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின.

டர்னர் 1775-இல் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் பிறந்தார். தந்தை முடிதிருத்துநர், பொய்முடி செய்பவர். மகன் வரைந்த படங்களைக் கடைச் சன்னலில் தொங்கவிட்டுச் சில ஷில்லிங்குகளுக்கு விற்றார். தாய் மனநலம் குன்றி 1800-இல் பெத்லம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1804-இல் இறந்தார். 1789-இல், தம் 14-ஆம் வயதில், டர்னர் ராயல் அகாதெமியின் பள்ளியில் மாணவரானார். மறு ஆண்டே அவருடைய நீர்வண்ண ஓவியம் ஒன்று அகாதெமியின் கண்காட்சியில் இடம்பெற்றது. 1802-இல், 26 வயதில், முழு உறுப்பினர். அகாதெமியை எதிர்த்து வெளியேறிய கலகக்காரராக அவரைக் கற்பனை செய்ய இடமில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த நிறுவனத்தின் விசுவாசி அவர்.

1807-இல் அங்கேயே தொலைநோக்கு வரைமுறைப் பேராசிரியர் பதவியையும் ஏற்றார். விரிவுரைகள் 1811-இல் தொடங்கின. பேச்சு குழறும், வாக்கியங்கள் பாதியில் நிற்கும். காது மந்தமான அகாதெமி நூலகர் தாமஸ் ஸ்டோதார்ட் மட்டும் தவறாமல் வந்தாராம். கேட்க முடியாவிட்டாலும் பார்க்க நிறைய இருக்கிறதே என்பது அவர் தந்த விளக்கம். விரிவுரைக்காக டர்னர் வரைந்து வந்த பெரிய விளக்கப்படங்களைத்தான் அவர் சொன்னார்.

அன்றைய அகாதெமியில் ஓவிய வகைகளுக்குள் ஒரு படிநிலை இருந்தது. உச்சியில் வரலாற்று ஓவியம்: புராணம், விவிலியம், போர். நிலக்காட்சி மிகக் கீழே. டர்னரின் இலட்சியம் நிலக்காட்சியை மேலே ஏற்றுவது. அதற்கு அவர் கண்ட வழி, வரலாற்றை நிலக்காட்சிக்குள் கொண்டுவருவது. 1812-இல் காட்டிய 'பனிப்புயல்: ஹன்னிபாலும் படையும் ஆல்ப்ஸைக் கடத்தல்' ஓவியத்தில் ஹன்னிபாலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படையை விழுங்க வரும் இருண்ட சுழலே படத்தின் நாயகன். 1834 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததை நேரில் பார்த்து வரைந்தார். டிரஃபால்கர் போரில் நின்ற கப்பல் உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்படுவதை 1839-இல் 'போர்க்கப்பல் டெமரெய்ர்' ஆக்கினார். அந்தியும் தீயும் புயலும் அவரிடம் வெறும் ஒளிவிளையாட்டுகளாக வருவது அரிது. ஒரு பேரரசு எழுகிறது, ஒரு நகரம் அழிகிறது, ஒரு காலம் முடிகிறது. வானம் அதற்கு உடன்படுகிறது அல்லது தீர்ப்புச் சொல்கிறது. இதை மறந்துவிட்டு டர்னரின் மஞ்சளைப் பற்றிப் பேசலாம். பேசியும் இருக்கிறார்கள்.

1840-ஆம் ஆண்டு ஓவியத்துக்கு அவர் இட்ட முழுத் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'அடிமை வணிகர், இறந்தோரையும் இறந்துகொண்டிருப்போரையும் கடலில் எறிதல், சூறாவளி வந்துகொண்டிருக்கிறது'. ஆங்கிலத்தில் 'ஸ்லேவர்' என்ற சொல்லுக்கு அடிமை வணிகர், அடிமைக் கப்பல் என்று இரு பொருளும் உண்டு. டர்னர் அதைப் பன்மையில் எழுதினார். படத்தில் இருப்பதோ ஒரே கப்பல். ஆகவே அவர் மனிதர்களைச் சுட்டினார் என்று கொள்வதே பொருத்தம். ரஸ்கின் தம் அடிக்குறிப்பில் கப்பலை, அதுவும் ஒருமையில், எழுவாயாக்கினார். பிற்கால வழக்கில் தலைப்பு 'அடிமைக் கப்பல்' என்று சுருங்கியது. செய்வோரும் செயலும் செயப்படுபொருளும் கொண்டிருந்த ஒரு தொடர் தனிப் பெயராகிவிட்டது. எறிவோரும் எறியப்படுவோரும் அந்தப் பெயரிலிருந்து விழுந்துவிட்டனர்.

ஓவியத்தின் பின்னணியாகப் பெரும்பாலோர் சுட்டுவது 1781-இல் ஸாங் என்னும் கப்பலில் நடந்ததை. லிவர்பூல் வணிகக் குழு ஒன்றுக்குச் சொந்தமான அக்கப்பல், ஆப்பிரிக்கர்களை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு ஜமைக்கா நோக்கிச் சென்றது. வழி தவறியது, நோய் பரவியது. குடிநீர் போதாது என்று சொல்லி 130-க்கும் மேற்பட்டோரை உயிரோடு கடலில் எறிந்தனர். அன்றைய காப்பீட்டு வழக்கப்படி, நோயால் இறந்த அடிமைக்கு இழப்பீடு கிடையாது. கப்பலைக் காக்கும் பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிந்தால் உண்டு. உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு வீதம் கோரினர். 1783-இல் நடுவர் குழு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. காப்பீட்டாளர்கள் மேல்முறையீடு செய்ய, மான்ஸ்ஃபீல்டு பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். வழக்கு முழுவதும் காப்பீட்டு வழக்குதான். கொலை வழக்காக எவர்மீதும் தொடுக்கப்படவில்லை. செய்தியை அடிமை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டு சேர்த்தவர், ஒருகாலத்தில் தாமே அடிமையாக இருந்த ஒலாடா எக்வியானோ.

டர்னர் வரைந்தது ஸாங் நிகழ்ச்சியையேதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த பின்பும் பிற நாட்டுக் கப்பல்கள் அதைத் தொடர்ந்தன. ரோந்துக் கப்பல்களிடம் பிடிபடாதிருக்க மனிதர்களைக் கடலில் தள்ளிய செய்திகள் 1830-களிலும் வந்துகொண்டிருந்தன. தாமஸ் கிளார்க்சனின் அடிமை வணிக ஒழிப்பு வரலாறு 1839-இல் மறுபதிப்புக் கண்டது. 1840 ஜூனில் உலக அடிமை எதிர்ப்பு மாநாடு லண்டனில் கூடியது. ஓவியம் காலத்தோடு பேசியது என்பதில் ஐயமில்லை. பட்டியலில் அதன்கீழ் தாமே இயற்றிய சில செய்யுள் வரிகளையும் டர்னர் அச்சிட்டிருந்தார். அவை நம்பிக்கையை விளித்து, உன் சந்தை இப்போது எங்கே என்று கேட்டு முடிகின்றன. சந்தை என்ற சொல்லை அங்கே வைத்தவருக்கு வணிகம் தெரியாமலில்லை.

உண்மையிலேயே தெரிந்திருந்தது. 1805-இல், ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் இயங்கிய ஒரு கால்நடைப் பண்ணைத் திட்டத்தில் டர்னர் 100 பவுண்டு முதலீடு செய்திருந்தார். இச்செய்தியை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஓவிய வரலாற்றாய்வாளர் சாம் ஸ்மைல்ஸ். இதை அறிந்தபின் ஓவியத்தை மனமாற்றத்தின் சாட்சி என்று படிப்போரும் உண்டு, போலித்தனத்தின் சாட்சி என்று படிப்போரும் உண்டு. டர்னர் தம் மனத்தைப் பற்றி எதுவும் எழுதி வைக்காதவர். 35 ஆண்டு இடைவெளியில் அதே மனிதர் பங்குதாரராகவும் இருந்தார், இந்தப் படத்தையும் வரைந்தார் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதோடு நான் நிற்கிறேன்.

ஓவியத்தைப் பார்ப்போம். அகலம் சுமார் 4 அடி, உயரம் 3 அடி. நடுவில் சூரியன் ஒரு வெண்தூணாக நீரைப் பிளக்கிறது. இடப்புறம் தொலைவில் பாய் சுருட்டிய கப்பல். முன்னே, வலப்புற மூலையில், நீரிலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே நிற்கிறது, கணுக்காலில் விலங்கு. அதைச் சூழ்ந்து மீன்களும் கடற்பறவைகளும். இடப்பக்கமாக அலைகளுக்கு மேல் விரிந்த கைகள். இரும்புச் சங்கிலிகள் மூழ்காமல் நீர்மேல் கிடக்கின்றன. இயற்பியலுக்கு ஒவ்வாத இந்த மிதக்கும் இரும்பை அன்றைய விமர்சகர்கள் கேலி செய்தனர். அலையின் அசைவில் ஓர் இம்மிப் பிழையும் விடாத ஓவியர், இரும்பு மூழ்கும் என்பதை அறியாதவர் அல்லர். மூழ்கவிட்டால் எவரும் பார்க்கமாட்டார் என்பதையும் அவர் அறிந்திருக்கக்கூடும்.

1844 புத்தாண்டுப் பரிசாக ரஸ்கினின் தந்தை இந்த ஓவியத்தையே மகனுக்கு வாங்கித் தந்தார். ரஸ்கின் அதனோடு நெடுங்காலம் வாழ்ந்தார். பின்னர் அதன் பொருள் தாங்க முடியாத வேதனை தருவதாகக் கூறி விற்க முனைந்தார். 1872-இல் அது அமெரிக்காவுக்குப் போயிற்று. 1899 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலப்பகுதியில் அவர் எழுதாது விட்டது வீட்டுச் சுவரில் தொங்கியபோது அவரை விட்டுவைக்கவில்லை. அடிக்குறிப்பை ரஸ்கினின் அலட்சியம் என்று எளிதாகத் தீர்ப்பிட என்னால் முடியாமல் போவது இதனால்தான்.

இந்த விற்பனைக்கு இன்னொரு விளைவும் உண்டு. டர்னர் 1851 டிசம்பர் 19-இல் இறந்தபோது, நிறைவடைந்த ஓவியங்களை நாட்டுக்கு விட்டுச் செல்வதாக உயில் எழுதியிருந்தார். உறவினர்கள் வழக்குத் தொடுத்தனர். 1856-இல் ஏற்பட்ட தீர்வின்படி, நிறைவடைந்தவை, அடையாதவை என்ற வேறுபாடின்றி அவர் கையால் ஆன அனைத்தும் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்தன: ஏறத்தாழ 300 எண்ணெய் வண்ண ஓவியங்கள், 30,000 அளவில் தாள் ஓவியங்களும் வரைவுகளும். லண்டனுக்கு வருவோர் அதன்பின் பார்த்த டர்னர் பெரும்பாலும் இத்தொகுப்பின் டர்னர். விற்றுப்போன 'அடிமை வணிகர்' அதில் இல்லை. அவர் எவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்த கித்தான்கள் அதில் இருந்தன.

'நவீன டர்னர்' உருவான கதை இங்கிருந்து தொடங்குகிறது. 1870-71இல் பிரான்ஸ்-பிரஷியப் போரிலிருந்து தப்பி லண்டன் வந்த மோனேயும் பிஸாரோவும் டர்னரைப் பார்த்தனர். 1874-இல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில், டர்னரின் 'மழை, நீராவி, வேகம்' ஓவியத்தைத் தழுவி பிரக்மோன் செய்த செதுக்கோவியமும் இருந்தது. ஆனால் பிஸாரோ பிற்காலக் கடிதத்தில், டர்னரும் கான்ஸ்டபிளும் தங்களுக்குக் கொஞ்சம் கற்பித்தது உண்மையே என்றாலும் நிழலைப் பகுத்தறிய அவர்களுக்குத் தெரியவில்லை என்று குறைப்பட்டார். மோனே முதுமையில் டர்னரின் கற்பனை மிகுதி தமக்கு ஒவ்வாதது என்றார். பாடப்புத்தகம் இழுக்கும் நேர்கோடு இவர்கள் வாய்மொழியில் இவ்வளவு நேராக இல்லை. உறுதியான கடன் சின்யாக்கினுடையது: 1898-இல் டர்னரைப் பார்ப்பதற்கென்றே லண்டன் சென்று திரும்பி, மறு ஆண்டு வெளியிட்ட நியோ-இம்ப்ரெஷனிச நூலில் டர்னரைத் தம் மூதாதையருள் ஒருவராக நிறுத்தினார்.

1906-இல் டேட் கலைக்கூடம், கிடங்கிலிருந்த நிறைவுறாத ஓவியங்கள் சிலவற்றை முதன்முறையாகக் காட்சிக்கு வைத்தது. 'நோரம் கோட்டை, சூரியோதயம்' அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. நீலப் புகையாய் ஒரு கோட்டை, ஆற்றில் ஒரு பசு, மற்றெல்லாம் ஒளி. இம்ப்ரெஷனிசத்துக்குப் பழகிவிட்ட கண்களுக்கு அது முழுமையான ஓவியமாகவே தெரிந்தது. டர்னர் அதைக் கண்காட்சிக்கு அனுப்பியவர் அல்லர். நிறங்களைப் பூசிய அரைகுறைக் கித்தானை முதலில் தொங்கவிட்டு, திறப்புக்கு முந்தைய மெருகேற்றும் நாட்களில் பலர் முன்னிலையில் அதை முடிப்பது அவர் வழக்கம். நாடாளுமன்றம் எரியும் ஓவியத்தை 1835-இல் பிரிட்டிஷ் நிறுவனத்தில் அப்படித்தான் முடித்தார். விடியற்காலையில் வந்து, ஓரடிகூடப் பின்வாங்கிப் பார்க்காமல் வரைந்து, முடிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டு எவரிடமும் பேசாமல் போனார் என்று உடனிருந்த ஓவியர் ரிப்பிங்கில் பதிவு செய்துள்ளார். 'நோரம்' அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்த கித்தானாக இருக்கலாம். கதை, மாந்தர், நிகழ்ச்சி ஆகியவை ஏறுவதற்கு முந்தைய நிலையை நாம் அவருடைய இறுதிச் சொல்லாகப் படித்துவிட்டோமோ என்ற கேள்வி இங்கே எழுகிறது.

1966-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், இறந்து 115 ஆண்டுகள் ஆன டர்னருக்கு ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. லாரன்ஸ் கோவிங் எழுதிய நூல் அதனோடு வந்தது. பொருள்களிலிருந்து விடுபட்ட நிறமாக, ஒளியாக டர்னர் அங்கே நின்றார். இந்த டர்னர் தம்மிடமிருந்து நிறையக் கற்றிருக்கிறார் என்று மார்க் ராத்கோ வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. வேடிக்கையாயினும் வரலாற்று நோக்கில் அது துல்லியமான கூற்று. ராத்கோவைப் பார்த்த கண்தான் அந்த டர்னரைக் கண்டெடுத்தது. 'முன்னோடி' என்ற நம் சொல்லில் ஒரு பாதை முன்கூட்டியே அடங்கியிருக்கிறது. பின்னால் வருவோர் ஓடிய பிறகே முன்னால் ஓடியவர் முன்னோடி ஆகிறார். எந்தப் பாதையில் ஓடியவர்களைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் எதற்கு முன்னோடி என்பதும் மாறும்.

அடிக்குறிப்பின் பாதை 1990-களில் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. பால் கில்ராய் 1993-இல் வெளியிட்ட 'கறுப்பு அட்லாண்டிக்' நூலில், பிரிட்டிஷ் பண்பாட்டு வரலாற்றைக் கப்பலிலிருந்து படிக்க முயன்றபோது, டர்னரும் ரஸ்கினும் அதில் இடம்பெற்றனர். 1994-இல் டேவிட் டபிதீன் 'டர்னர்' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். கடலில் எறியப்பட்ட ஆப்பிரிக்கரின் குரலில் அது பேசுகிறது. டர்னர் வெளியில் கண்டித்த கொடுமையை உள்ளுக்குள் சுவைத்திருக்க வேண்டும் என்று அதன் முன்னுரையில் அவர் கடுமையாகவே எழுதினார். டபிதீன் கயானாவில் பிறந்தவர். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் வழிவந்தவர். அந்த முதல் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் டெமராராவை அடைந்தது 1838-இல். டர்னர் தம் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தபோது, விடுதலை பெற்ற அடிமைகளின் இடத்தை நிரப்ப நம்மவர்கள் ஏற்கெனவே அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். ஓவியத்தில் அவர்கள் இல்லை. டபிதீனின் சினத்தில் அவர்களும் இருக்கிறார்கள் என்றே நான் படிக்கிறேன்.

2008-இல் நூர்பேஸி பிலிப் 'ஸாங்!' என்ற நூலை, காப்பீட்டு வழக்கின் அறிக்கையிலுள்ள சொற்களை வெட்டியும் சிதைத்தும் அமைத்தார். மொழியியல் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய நூல் அது. ஜான் அகோம்ஃப்ராவின் 'வெர்டிகோ சீ' 2015 வெனிஸ் பியனாலேயில் மூன்று திரைகளில் ஓடியது. திமிங்கில வேட்டையும் அடிமைக் கப்பலும் இன்றைய அகதிப் படகும் ஒரே கடலில் வந்தன. பின்னர் இங்கிலாந்தின் மார்கேட் நகரில், டர்னரின் பெயர் தாங்கிய கலைக்கூடத்திலும் அது காட்டப்பட்டது. 2019-இல் டேட் மாடர்னின் டர்பைன் மண்டபத்தில் காரா வாக்கர் எழுப்பிய 13 மீட்டர் உயர நீரூற்று, பேரரசின் வெற்றிச் சின்னங்களைப் பகடி செய்தபடியே டர்னரின் கடலையும் நினைவூட்டியது.

இவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி வைப்பது சோண்ட்ரா பெர்ரி 2018-இல் லண்டன் செர்பென்டைன் கலைக்கூடத்தில் அமைத்த படைப்பு. டர்னரின் ஓவியப்பரப்பைக் கணினியில் எடுத்து, மென்பொருளின் கடலலைக் கருவியால் உயிரூட்டி, சுவர்கள் முழுவதும் அலையடிக்க விட்டார். கப்பல் இல்லை, கால் இல்லை, கைகள் இல்லை. நிறம் மட்டுமே உருண்டுகொண்டிருந்தது. மோனேக்கும் ராத்கோவுக்கும் பிறகு வந்த கண்கள் டர்னரிடம் கண்டெடுத்த கடல் அதுவேதான். பெர்ரி அதற்கு டர்னரின் நீண்ட தலைப்பில் பிற்பாதியை மட்டும் பெயராக வைத்தார்: 'சூறாவளி வந்துகொண்டிருக்கிறது'.